அவுரி காத்திருக்காது

என் அக்காவின் கணவர் மனிதர்களை முகத்தை வைத்து அடையாளம் காண்பதில்லை, பின்னந்தலையை வைத்துத்தான். தெருவில் எதிரே வருபவர் நலம் விசாரித்தால் ஒரு நொடி திருதிருவென்று விழிப்பார். ஆள் கடந்துபோன பிறகு திரும்பிப் பார்த்து, "அடடே, ரெட்டைச் சுழிக்காரரா!" என்று தெருவே கேட்கும்படி கூப்பிட்டு, விட்ட இடத்திலிருந்து பேச ஆரம்பிப்பார். முப்பத்திரண்டு வருடமாக ஒரே நாற்காலிக்குப் பின்னால் நின்று முடிவெட்டியவர் வேறு எப்படி இருப்பார்?

அவருடைய சலூனுக்கும் என் போட்டோ ஸ்டூடியோவுக்கும் நடுவில் ஒரு பலகைச் சுவர்தான். அங்கே அவர் தும்மினால் இங்கே என் கேமரா ஆடும். அவரிடம் முடிவெட்டிக்கொண்டு, கழுத்தில் ஒட்டிய துணுக்குகளைக்கூடத் தட்டாமல், நேராக என்னிடம் வந்து பாஸ்போர்ட் போட்டோ எடுத்துக்கொள்பவர்கள் நிறைய. அத்தானுக்கு நிதானம் அதிகம். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம். இந்த இரண்டு குணமும் ஒரு பலகைக்கு இரண்டு பக்கமும் பதினெட்டு வருடம் எப்படித்தான் காலம் தள்ளியதோ!

சொல்ல வந்தது அவர் கையைப் பற்றி. பத்துப் பேர் அவர் கடைக்கு வந்தால் ஆறு பேர் டை அடிக்கத்தான் வருவார்கள். வெறும் முடிவெட்டு என்றால் தெருமுனையில் கண்ணாடியும் குளிர்சாதனமுமாகப் புதுக்கடை வந்துவிட்டது. ஆனால் டை என்றால் அத்தான்தான். நெற்றியில் ஒரு சொட்டு ஒழுகாது, காது மடலில் ஒரு புள்ளி இருக்காது. அப்படிப்பட்டவருக்குப் போன வருடம் விரல் இடுக்கில் சிவப்பு சிவப்பாக வந்தது. பிறகு கொப்புளம். பிறகு தோல் உரிந்து, சீப்பைப் பிடித்தாலே ரத்தம். கையுறை போட்டார். இரண்டு கையுறை போட்டார். டப்பாவைத் திறந்தாலே கண் இமை வீங்க ஆரம்பித்தது.

டாக்டர் அவர் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கை வேணுமா, டை வேணுமா?" என்று கேட்டாராம்.

அத்தான் வீட்டுக்கு வந்து கையை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். என் அக்கா சும்மா இருப்பாளா? நாலு இடத்தில் சொல்லிவைத்து, ஒரு கிடங்கில் சாமான் கணக்குப் பார்க்கும் வேலைக்கு ஏற்பாடு செய்துவிட்டாள். அடுத்த மாதம் ஒன்றாம் தேதி வந்து சேரச் சொல்லிவிட்டார்கள். "நல்ல வேலைதான். உக்காந்த வேலை," என்றார் அத்தான். வாழ்நாள் முழுக்க நின்றவருக்கு அது நல்ல செய்தியாகத்தான் இருக்க வேண்டும். அவர் முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை.

அந்த வாரம்தான் அது நடந்தது. என் அக்கா விரலுக்கு வைத்துக்கொள்ள மருதாணி அரைத்துக்கொண்டிருந்தாள். பாதியில் பால் பொங்கியதால் விழுதை அவர் கையில் கொடுத்துவிட்டு ஓடினாள். அவரும் ஏதோ யோசனையில் புண் விரலாலேயே வழித்து எடுத்திருக்கிறார். எடுத்த பிறகுதான் பயம். அன்று முழுக்கக் கையை நீட்டி வைத்துக்கொண்டு, எப்போது அரிக்கும் என்று காவல் காத்தார். மறுநாள் காலை, நான் ஷட்டரைத் தூக்கிக்கொண்டிருக்கிறேன், மனிதர் செக்கச் சிவந்த விரல்களை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறார்.

"மச்சான்! அரிக்கல!"

"என்ன அரிக்கல?"

"கை! கைதான்! கொஞ்சங்கூட அரிக்கல!"

ஐம்பத்தாறு வயது மனிதர் நடுத்தெருவில் குதிப்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

ஆனால் வெறும் மருதாணி நரையைச் செம்பட்டையாக்கும், கறுப்பாக்காது. செம்பட்டைத் தலையோடு எந்த ஆண் ஆபீசுக்குப் போவான்? நாட்டு மருந்துக் கடையில் கேட்டபோது அவுரி என்று சொன்னார்கள். துணிக்கு நீலச் சாயம் எடுப்பார்களே, அதே செடி. இலையைக் காயவைத்துப் பொடித்துப் பச்சைப் பொடியாகக் கொடுத்தார்கள். அத்தான் அதை வாங்கிக்கொண்டு நேராக என்னிடம் வந்தார். எனக்கு நாற்பத்தொன்பது வயது. தலையில் பாதி வெள்ளை. டை அடிக்கச் சோம்பல்.

"மச்சான், ஒரு அஞ்சு நிமிஷம் தலையைக் குனியேன்."

இப்படித்தான் நான் மாட்டிக்கொண்டேன். முதல் தடவை அவுரியை மட்டும் நேராக என் நரையில் பூசினார். கழுவிய பிறகு கண்ணாடியைப் பார்த்தேன். ஆகா! பாசி பிடித்த கிணற்றுச் சுவர்! மறுநாள் அதுவே நீலமானது. நான் தொப்பி போட்டுக்கொண்டு போட்டோ எடுத்தேன். எதிரே உட்கார்ந்தவர்களிடம் "தொப்பியைக் கழட்டுங்க சார்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அத்தானோடு மூன்று நாள் பேசவில்லை. அந்த மூன்று நாளும் பலகைக்கு அந்தப் பக்கம் கிண்ணம் உருட்டும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. என் அக்காவின் சீப்பில் மாட்டிய நரைமுடிகளைக் கொத்துக் கொத்தாகக் கட்டி, ஒவ்வொன்றையும் ஒவ்வொரு விதமாக நனைத்துப் பார்த்திருக்கிறார்.

நாலாம் நாள் அவருக்குச் சூட்சுமம் பிடிபட்டுவிட்டது. முதலில் மருதாணி. தேயிலைச் சாறும் எலுமிச்சையும் விட்டுக் குழைத்து ராத்திரி முழுக்க ஊறவிட வேண்டும். பூசிய பிறகும் இரண்டு மூன்று மணி நேரம் தலையில் கிடக்க வேண்டும். நரை செம்பட்டையாகும். அந்தச் செம்பட்டைக்கு மேல் அவுரி. அதற்குப் புளிப்பு ஆகாது, வெதுவெதுப்பான வெறும் தண்ணீர்தான். கரைத்துக் கால் மணி நேரத்தில் பூசிவிட வேண்டும். கழுவியதும் பச்சையாகத் தெரியும், பயப்படக்கூடாது. ஷாம்பு கிட்டேயே வரக்கூடாது. ஒன்றிரண்டு நாளில் காற்றுப் பட்டுப் பட்டுக் கறுக்கும்.

"மருதாணி மாமியார் மாதிரி மச்சான், காக்க வைக்கும். அவுரி உன்னை மாதிரி. காத்திருக்காது."

இரண்டாம் தடவையும் தலையைக் கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று கேட்காதீர்கள். அந்த மனிதர் கிடங்கில் மூட்டை எண்ணப்போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். முதல் நாள் சொன்னது போலவே பச்சை. இரண்டாம் நாள் காலை எழுந்து, ஸ்டூடியோ விளக்கு அத்தனையும் போட்டு, கண்ணாடி முன்னால் நின்றேன். என் தொழிலே வெளிச்சத்தைப் பார்ப்பதுதான், நம்புங்கள். டப்பா டை அடித்த தலை விளக்கில் ஒரே தட்டையாக, பாலிஷ் போட்ட செருப்பாகத் தெரியும். என் தலையோ இருபத்தைந்து வயதில் இருந்த தலை! ஒரு முடி கறுப்பு, ஒரு முடி கரும்பழுப்பு, உள்ளே மெல்லிய செம்பு ஓட்டம். பலகையைத் தட்டு தட்டென்று தட்டினேன். அத்தான் பாதிச் சவரத்தை விட்டுவிட்டு ஓடிவந்தார். ஒருவரை ஒருவர் கட்டிப்பிடித்துக்கொண்டோம். பாதிச் சவரக்காரர் நுரையோடு வாசலில் நின்று பார்த்தார்.

தெருவில் என்னைப் பார்த்தவர்கள் எல்லாம் கேட்டார்கள், தலை என்ன இப்படி மின்னுகிறது என்று. நானும் வாய்க்கு வந்ததைச் சொல்லிவைத்தேன்.

ஆனால் நாற்காலியில் உட்கார ஆள் வரவில்லை. "அஞ்சு மணி நேரமா? டப்பாவுல இருபது நிமிஷம் போதுமே," என்று முகத்தைச் சுளித்தார்கள். "இலையெல்லாம் பொம்பளைங்க சமாச்சாரம்," என்றார் ஒருவர். ஒன்றாம் தேதி நெருங்கிக்கொண்டே வந்தது. செவ்வாய்க்கிழமை ஒன்றாம் தேதி. அதற்கு முந்தைய வியாழக்கிழமை பாடகர் வந்தார்.

கச்சேரிக் குழுவில் பாடுகிறவர். அறுபதை நெருங்கிவிட்டார், ஆனால் மேடையில் முப்பத்தைந்துக்கு மேல் ஒப்புக்கொள்வதில்லை. பதினைந்து நாளுக்கு ஒருமுறை டை அடித்து அடித்து அவர் உச்சந்தலையும் அத்தான் கையைப் போலவே புண்ணாகியிருந்தது. ஞாயிறு மாலை பெரிய மண்டபத்தில் கச்சேரி. "எது வேணா போடு. ஆனா நரையோட என்னால மேடை ஏற முடியாது," என்றார்.

அவர் குழுவில் பன்னிரண்டு பேர். பன்னிரண்டு பேரும் டை. பாடகர் ஞாயிற்றுக்கிழமை நல்ல தலையோடு மேடை ஏறினால், திங்கட்கிழமை அத்தனை பேரும் அத்தான் கடையில்! கிடங்காவது, மூட்டையாவது! எனக்குத் தலைகால் புரியவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு மருதாணி பூசினார். பாடகரின் தலையைப் பிளாஸ்டிக் உறையால் மூடி உட்கார வைத்தார். நான் என் கடையைச் சாத்திவிட்டு, உதவி செய்கிறேன் என்று வந்து நின்றேன். சும்மா நிற்க எனக்கு வராது. தரையைக் கூட்டினேன், வெந்நீர் வைத்தேன், பாடகருக்கு விசிறினேன். அத்தான் ஒரு சவரத்தை முடித்துக்கொண்டிருந்தபோது, அவுரிப் பொட்டலம் கண்ணில் பட்டது. அதையும் கரைத்து வைத்துவிட்டால் அவருக்கு ஒரு வேலை மிச்சமாகுமே! எட்டரை மணிக்குக் கரைத்து, தட்டுப் போட்டு மூடி, அலமாரியில் பத்திரமாக வைத்தேன். இருந்த பொடி முழுவதையும். என் சமர்த்தை நானே மெச்சிக்கொண்டேன்.

பத்தரைக்கு மருதாணியைக் கழுவினார். செம்பட்டை பளபளவென்று பிடித்திருந்தது. "பொடியை எடு," என்றார்.

"கரைச்சு ரெடியா இருக்கு அத்தான்!"

பாடகர் அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். அத்தானும் நான் அப்போதுதான் கரைத்தேன் என்று நினைத்துப் பூச ஆரம்பித்துவிட்டார். இரண்டு மணி நேரம் கழித்துக் கழுவினால், தலை செம்பட்டையாகவே இருந்தது! பச்சையும் இல்லை, கறுப்பும் இல்லை. மேலே சேறு தெளித்த மாதிரி ஒரு மங்கல், அவ்வளவுதான்.

அத்தான் ஒரு இழையை எடுத்து வெளிச்சத்தில் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"எப்ப கரைச்ச?"

"எட்டரைக்கு... உங்களுக்கு ஒரு வேலை மிச்சம் ஆகட்டுமேன்னுதான்..."

அவர் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. கிண்ணத்தை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார். ரெண்டு மணி நேரம் கிடந்து சாரம் செத்துப்போன விழுது தொப்பென்று விழுந்தது. எனக்கு அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது. பாடகர் கண்ணாடியில் தன்னைப் பார்த்துவிட்டுப் போட்ட கூச்சல் இருக்கிறதே, அவர் மேடையில்கூட அந்த ஸ்தாயியைத் தொட்டதில்லை. சத்தம் கேட்டுப் பின்வீட்டிலிருந்து அக்கா ஓடி வந்தாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து அந்த மனுஷன் தலையை என்ன பண்ணி வெச்சிருக்கீங்க?"

பாடகர் துண்டைச் சுற்றிக்கொண்டு, "நாளைக்குக் காலைல சரி பண்ணலைன்னா நான் டப்பா டையே போட்டுக்குவேன். புண்ணானா ஆகட்டும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அன்று மத்தியானம் நான் அவுரி தேடி அலைந்த அலைச்சல் எனக்குத்தான் தெரியும். முதல் கடையில் இல்லை. இரண்டாவது கடையில் கொடுத்ததை அத்தானிடம் கொண்டுவந்தேன். கிள்ளி எடுத்து மோந்து பார்த்து, "பழுப்பேறிப் போச்சு, இது ஆகாது," என்றார். மறுபடி சைக்கிளை மிதித்தேன். ஊரின் மறுகோடியில், மூன்றாவது கடையில், மூட்டையைப் பிரித்ததும் பச்சைப் பட்டாணி வாசனை குப்பென்று வந்தது. ஓடோடி வந்தேன். அத்தான் ஒரு சிட்டிகையைக் கரைத்து, மெல்லிய காகிதத்தில் ஒரு சொட்டு வைத்தார். நடுவில் பச்சை. நாங்கள் மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தோம். சொட்டின் விளிம்பு மெல்ல மெல்ல நீலமானது. "உயிர் இருக்குடா!" என்று கத்தியது என் அக்கா! கிடங்கு வேலைக்கு ஏற்பாடு செய்த அதே அக்கா!

சனிக்கிழமை காலை பாடகர் வந்து உட்கார்ந்த பிறகுதான் பொடியையே பிரித்தார் அத்தான். என்னைக் கையைக் கட்டிக்கொண்டு மூலையில் நிற்கச் சொன்னார். நின்றேன். கரைத்தார், கால் மணி நேரம் கடிகாரத்தைப் பார்த்தார், மேலே நீலப் படலம் ஓடியதும் பூச ஆரம்பித்தார். என்ன வேகம்! வகிடு பிரிக்க ஒரு விரல், பூச ஒரு விரல், அழுத்தி மடிக்க ஒரு கை. கையுறை இல்லை. ஒரு வருடமாக ரப்பருக்குள் கிடந்த கைகள் அன்று தலையில் ஓடிய ஓட்டத்தைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கழுவினால் பச்சை. பாடகர் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டார். அத்தான் அவர் தோளைப் பிடித்து உட்கார வைத்தார். "சார், நாளைக்குச் சாயங்காலம் வரைக்கும் தலையில எண்ணெய், ஷாம்பு, ஒன்னும் கூடாது. காத்துப் படட்டும். கறுக்கலைன்னா வந்து என் தலையை மொட்டை அடிச்சுடுங்க." என் வீட்டுக்குப் பக்கத்துத் தெருவில்தான் பாடகர் வீடு. அன்று சாயங்காலத்துக்குள் மூன்று தடவை அந்த வழியாக சைக்கிளில் போனேன். மொட்டை மாடியில் உலாத்திக்கொண்டிருந்தார். முதல் தடவை பாசி, இரண்டாம் தடவை மயில் கழுத்து, மூன்றாம் தடவை மைக்கூடு! மூன்றாம் தடவை என்னைப் பார்த்து அவரே கட்டைவிரலை உயர்த்தினார். நான் சைக்கிளோடு சாக்கடையில் விழப் பார்த்தேன்.

ஞாயிறு மாலை மண்டபத்தில் முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். அத்தான் வரவில்லை, பயம். விளக்கு வெளிச்சத்தில் பாடகர் வந்து நின்றார். அந்தத் தலை! குழுவில் மற்ற பதினோரு தலையும் செருப்பு பாலிஷ்; அவர் தலை மட்டும் அலை அலையாக உயிரோடு இருந்தது. இடைவேளையில் மேடைக்குப் பின்னால் ஓடினேன். தபேலாக்காரர் ஏற்கனவே கேட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, யாருகிட்ட டை அடிச்சீங்க? டையின்னே தெரியலையே!"

சொல்லு, சொல்லு, என்று என் மனம் அடித்துக்கொண்டது.

பாடகர் தலையைக் கோதிக்கொண்டு சிரித்தார். "டையா? நமக்கு எதுக்குப்பா டை? எங்க பரம்பரையிலேயே யாருக்கும் நரைச்சதில்லை."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. மறுநாள் திங்கட்கிழமை, மாதக் கடைசி நாள். விடிந்ததும் விடியாததுமாக அத்தான் கடைக்குப் போய்க் கொட்டித் தீர்த்தேன். "நன்றி கெட்ட மனுஷன்! அஞ்சு மணி நேரம் உங்க கையில தலையைக் கொடுத்துட்டு, பரம்பரையாம்!"

அத்தான் முகம் மலர்ந்தது. "டையின்னே தெரியலையாமா? தபேலாக்காரரே சொன்னாரா?"

"அதுவா முக்கியம்? ஒரு வார்த்தை உங்களைப் பத்திச் சொல்லலையே! இப்படி ஒருத்தன் பொய் சொல்லுவானா?"

அத்தான் சீப்பைக் கழுவிக்கொண்டே கேட்டார். "உன் தலையைப் பத்திக் கேட்டவங்ககிட்ட நீ என்ன சொன்ன மச்சான்?"

வாசலில் நின்ற அக்கா களுக்கென்று சிரித்தாள். கீரை நிறையச் சாப்பிடுகிறேன் என்று ஒருவரிடம். மனசில் கவலை இல்லை என்று இன்னொருவரிடம். எங்கள் அப்பாவுக்கும் இப்படித்தான், சாகும்வரை கறுப்பு, என்று பேக்கரிக்காரரிடம். எங்கள் அப்பாவுக்கு வழுக்கை.

நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றபோதுதான் எங்கள் தெரு இங்கிலீஷ் மருந்துக்கடைக்காரர் சவரத்துக்கு வந்து உட்கார்ந்தார். டப்பா டை அவர் கடையில்தான் விற்கும். அவரும் போடுவார், சொறிந்துகொண்டே இருப்பார். "நாளையிலிருந்து கடை இல்லையாமே? கிடங்குக்குப் போறீங்களாமே?" என்றார்.

"ஆமாங்க. டை முடியல. இலைச் சாயம் போட்டுப் பார்த்தேன். யாரும் வரல."

"இலை கறுப்பாக்குமா? சும்மா காது குத்தாதீங்க. யாருக்குப் போட்டீங்க, ஒரு தலையைக் காட்டுங்க பார்ப்போம்."

அத்தான் கத்தியைத் தீட்டினார். பாடகரின் பெயர் அவர் வாயில் வரவில்லை. நான் இரண்டடி தூரத்தில் நிற்கிறேன். என் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. "அது அவங்கவங்க தலைங்க. நான் சொல்லக்கூடாது," என்றார். மறுநாள் காலை மூட்டை எண்ணப் போகிறவர், இன்று நாற்காலியைக் காப்பாற்ற ஒரு தலையைக் காட்டிக்கொடுக்க மாட்டேன் என்கிறார்! அதுவும் என் தலையை!

எனக்கு வந்த கோபம் இந்தத் தடவை என் மேல்தான். மருந்துக்கடைக்காரர் மடியில் முட்டாத குறையாகக் குனிந்தேன்.

"இதோ தலை! பாருங்க! பாதி நரை சார் எனக்கு. மருதாணி, அவுரி. ரெண்டும் இவர் போட்டதுதான். கீரையும் இல்லை, கத்திரிக்காயும் இல்லை!"

நான் போட்ட சத்தத்தில் தெருவில் போனவர்கள் நின்றுவிட்டார்கள். பேக்கரிக்காரர் எட்டிப் பார்த்தார். "அப்ப உங்கப்பா?"

"எங்கப்பாவுக்கு வழுக்கை!" என்று கத்தினேன்.

மருந்துக்கடைக்காரர் முகத்து நுரையைத் துடைத்துவிட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, என் முடியைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். வேர்க்காலில் அரை விரல் கடை வெள்ளை எட்டிப் பார்த்தது. அதைத் தடவிப் பார்த்தார். பிறகு மெதுவாகத் தன் தலையைச் சொறிந்துகொண்டார். "இது அரிக்காதா?"

அத்தான் பதிலுக்குத் தன் இரண்டு கைகளையும் அவர் முன்னால் விரித்துக் காட்டினார். புண் ஆறி, தோல் மூடி, செம்பும் நீலமுமாக இருந்தன.

"சரி, போடுங்க. இப்பவே போடுங்க," என்றார் மருந்துக்கடைக்காரர். பின்னாலிருந்து பேக்கரிக்காரர், "எனக்கும் ஒரு இடம் சொல்லிவைங்க," என்றார்.

"இப்ப முடியாதுங்க. மருதாணி ராத்திரி முழுக்க ஊறணும். நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வாங்க."

"நாளைக்கு ஒன்னாம் தேதியாச்சே. கிடங்குக்குப் போக வேண்டாமா?"

அத்தான் அக்காவைப் பார்த்தார். அக்கா உள்ளே போய், மருதாணி குழைக்கும் பெரிய கிண்ணத்தைக் கழுவ ஆரம்பித்தாள்.

"நாளைக்கு நான் இங்கதாங்க இருப்பேன்," என்றார் அத்தான்.